கல்யாண நாளைக்கு மாட்டை யாரு பாக்கறது?



மஞ்சள் நட்டு முதல் களையும் எடுத்தாச்சு. வழக்கமா ஆகஸ்ட் 15 சுமாருக்கு கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி உடுவாங்க. அதுவரைக்கும் கிணத்துத் தண்ணிய வெச்சு ஓட்டிக்கணும். நடுவுல கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு இருந்த ஒரு விசயத்தை எழுதிடறேன்.

கல்யாணமாகி பதினஞ்சு இருபது வருசம் தாண்டின புருசன் பொண்டாட்டி, வருசத்துக்கு ஒரு தடவை, கல்யாண நாளை ஒட்டி, ரெண்டு பேரு மட்டும் பக்கத்துல எங்காச்சும் போய் ஒரு ராத்திரி தங்கிட்டு வரணும். தூரமெல்லாம் வேண்டாம். காலைல பஸ் ஏறினா மத்தியானச் சோத்துக்குப் போய்ச் சேர்ற தூரம் போதும். இது பணக்காரங்க பண்ற வேலைன்னு எங்க ஊர்ல சொல்றாங்க. டவுன்காரங்களை விட விவசாயக் குடும்பத்துக்குத்தான் இது ரொம்ப அவசியம்னு நான் சொல்றேன். ஏன்னு சொல்றேன் கேளுங்க.

எங்க தோட்டத்துக்கு கோயம்புத்தூர், சென்னைல இருந்து ஒறம்பரை வந்தா ஒருத்தர் தவறாம ஒண்ணு சொல்லுவாங்க. "உங்களுக்கு எதுக்குங்க டூரு? நீங்களே சொர்க்கத்துல இருக்கீங்க." தென்னை மரம், வாய்க்கா மேடு, மயில் எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்குவாங்க. சந்தோசம். ஆனா ஒண்ணு பாருங்க. நீங்க பச்சைப் பசேல்னு பாக்கற இடத்துல நான் பாக்கறது களை. மயில் அழகாத்தான் இருக்கும், ஆனா அது கொத்திட்டுப் போறது என்னோட நிலக்கடலை. மழை வந்தா உங்களுக்கு மண்வாசம். எனக்கு காயப்போட்ட சோளத்தட்டு நனையுமேங்கற வெசனம். ஒருத்தர் வேலை செய்யற இடம் எவ்வளவு அழகா இருந்தாலும் அது அவருக்கு வேலை செய்யற இடம்தான். ஆபீஸ் ஜன்னல்ல கடல் தெரிஞ்சா, அங்க வேலை பாக்கறவருக்கு லீவே வேண்டாம்னு சொல்லிருவீங்களா?

அதுலயும் ஆம்பளைங்களுக்காவது டீக்கடை இருக்கு, சந்தை இருக்கு. மஞ்சள் மண்டிக்கு ஈரோடு போனா அன்னைக்கு வெளிச்சோறு. பொம்பளைங்களுக்கு? எங்க ஊர்ல அம்பது வயசு தாண்டின ஒரு பொம்பளைய நிறுத்தி, "இதுவரைக்கும் எங்கெங்க போயிருக்கீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. கல்யாண வீடு, எழவு வீடு, பொறந்த வீடு, கோயில், ஆஸ்பத்திரி. முடிஞ்சு போச்சு. இந்த அஞ்சுல எதுக்குமே அவங்களா நினைச்சுப் போனது இல்லை. எல்லாமே போயாக வேண்டிய இடம்.

கோயிலுக்குப் போறது டூர் இல்லையான்னு கேப்பீங்க. வேன் வெச்சு ஊரோட போற கோயில் பயணத்துல அவங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க. முந்தின நாள் ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் புளிச்சோறு கிண்டுவாங்க. வேன்ல மாமியாருக்கு மாத்திரை, பேரனுக்குப் பால், புருசனுக்கு வெத்தலை எல்லாம் அவங்க பையிலதான் இருக்கும். போற எடத்துல கும்புடறது அஞ்சு நிமிசம். திரும்பி வந்து பாத்திரம் கழுவறது ஒரு மணி நேரம். சாமி கும்புடப் போறதை நான் குறை சொல்லலீங்க. அதுல ஓய்வு இல்லைன்னு சொல்றேன், அவ்வளவுதான்.

இப்ப கல்யாண நாளுக்கு வருவோம். எங்க அப்பா அம்மாவுக்கு அவங்க கல்யாணத் தேதி தெரியாது. "பெரிய பஞ்சம் வந்துச்சே, அதுக்கு அடுத்த வைகாசி"ம்பாங்க. எங்க தலைமுறைல பத்திரிகை அடிச்சதால தேதி இருக்கு. எங்களுது 1996 ஜூன் முதல் வாரம். இதுல விவசாயிக்கு ஒரு வசதி இருக்குங்க. எங்க பக்கம் கல்யாணம் பெரும்பாலும் வெள்ளாமை ஓஞ்ச மாசத்துலதான் வெப்பாங்க. அறுப்பு முடிஞ்சு தை, மாசி, இல்லாட்டி தண்ணி உடறதுக்கு முன்னாடி வைகாசி, ஆனி. அன்னைக்கு ஓய்வா இருந்த மாசம் இன்னைக்கும் கொஞ்சம் ஓய்வாத்தான் இருக்கும். பெரியவங்க முகூர்த்தம் பாத்தப்பவே நமக்கு லீவும் பாத்து வெச்சுட்டாங்கன்னு எடுத்துக்கலாம்.

நாங்க 2011-ல ஆரம்பிச்சோம். 15-வது கல்யாண நாள். அப்ப பையன் ஒம்பதாவது, பொண்ணு ஆறாவது. முதல்ல போனது எங்கேன்னா சிரிப்பீங்க. கொடிவேரி. எங்க தோட்டத்துல இருந்து இருபது கிலோமீட்டர் கூட வராது. வருசா வருசம் வெளியூர்ல இருந்து ஆயிரக்கணக்கான பேரு வந்து குளிச்சிட்டு, மீன் வாங்கித் தின்னுட்டுப் போற எடம். எத்தனையோ சினிமாவுல வந்த எடம். எங்க வீட்டம்மா வாக்கப்பட்டு வந்து பதினஞ்சு வருசத்துல அதை டிவிலதான் பாத்திருந்தாங்க. காலைல போனோம், தடுப்பணைல கொட்டற தண்ணில நின்னோம், பரிசல்ல ஒரு சுத்து போனோம், வறுத்த மீன் சாப்பிட்டோம், சாயங்காலம் பால் பீச்சற நேரத்துக்கு வீட்டுக்கு வந்துட்டோம்.

எங்கம்மா வாசல்லயே கேட்டாங்க. "ஏண்டா, நீங்க என்ன புதுசா கல்யாணம் ஆனவிங்களா?" ஊர்லயும் ரெண்டு நாளைக்கு அதே பேச்சு. இன்னைக்கு அதே அம்மா மே மாசமே கேக்கறாங்க, "இந்த வருசம் எங்கடா போறீங்க?"ன்னு. ஊர் வாய் எல்லாம் ரெண்டு வருசத்துக்குத்தானுங்க. மூணாவது வருசம் அதுவே வழக்கம்.

அன்னைக்குக் கொடிவேரில நின்னுட்டு அவங்க ஒண்ணு கேட்டாங்க. "ஏனுங்க, இந்தத் தண்ணி இங்க இருந்து எங்கதான் போகுது?" நான் சொன்னேன், பவானில காவேரியோட சேர்ந்து அப்படியே தஞ்சாவூர் போகுதுன்னு. "போய்ப் பாத்தா என்ன?"ன்னாங்க. அதுல இருந்து வருசத்துக்கு ஒரு எடம்னு தண்ணி போற வழியிலயே போக ஆரம்பிச்சோம்.

மொதல்ல மேல போய் பவானிசாகர் அணை. 1955-ல கட்டி முடிச்சது. அந்த அணைல இருந்துதான் சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்கு எங்க கீழ்பவானி வாய்க்கால் வருது, ரெண்டு லட்சம் ஏக்கருக்கு மேல பாயுது. அந்தத் தண்ணில மடை கட்டிக் கட்டி கை காப்பு காச்சுப் போனவங்க எங்க வீட்டம்மா. அணையோட உயரத்தை அவங்க அண்ணாந்து பாத்துட்டு நின்னதைப் பாத்திருக்கணும் நீங்க. அப்பறம் பவானி கூடுதுறை. அடுத்து கொடுமுடி. அப்பறம் திருச்சி போய் முக்கொம்பு. 2018 ஆகஸ்ட்ல வெள்ளத்துல அங்க கொள்ளிடம் அணைல 9 மதகு அடிச்சிட்டுப் போச்சே, அதுக்கு அடுத்த வருசம் நாங்க போனப்ப புதுசு கட்டற வேலை நடந்துகிட்டு இருந்துச்சு. அங்க இருந்து கல்லணை. பெரிய பெரிய என்ஜினியருங்க எல்லாம் வந்து பாத்துட்டுப் போற கரிகாலன் அணை. பள்ளிக்கூடத்துல பாடத்துல படிச்சதை அம்பது வயசுல கையில தொட்டுப் பாத்தோம்.

2020, 2021 ரெண்டு வருசமும் கொரோனா. எங்க 25-வது கல்யாண நாள் ஊரடங்குல போச்சு. வாய்க்கா மேட்டுல கொஞ்ச தூரம் நடந்துட்டு வந்தோம். அடுத்த வருசம், 2022-ல, பூம்புகார் போனோம். அது ஒண்ணுதான் ரெண்டு ராத்திரி. கோயம்புத்தூர்ல இருந்து மயிலாடுதுறை போற ஜனசதாப்தி ஈரோடு வழியாத்தான் போகுது, அதுல போய் அங்க இருந்து பஸ். அந்த வருசம் மேட்டூர் அணைய மே 24-லேயே திறந்துட்டாங்க, அதனால வழி நெடுக வயக்காட்டு வேலை மும்முரமா நடந்துச்சு. பூம்புகார்ல காவேரியப் பாத்தா எங்க ரெண்டு பேருக்கும் பேச்சே வரலை. ஈரோட்டுல அவ்வளவு அகலமா இருக்கற ஆறு, எல்லா வயலுக்கும் பிரிச்சுக் குடுத்துட்டு, கடைசில எங்க வாய்க்கால் அளவுக்கு ஆகி கடலுக்குப் போகுது. "எல்லாத்துக்கும் போட்டுட்டு கடைசில மிச்சத்தைச் சாப்பிடறவ மாதிரி இருக்குங்க"ன்னு வீட்டம்மா சொன்னாங்க. அதுக்கு நான் என்னத்தைச் சொல்றது?

இப்படிப் போறதுல என்ன கிடைக்குதுன்னு கேட்டா, பேச்சுதாங்க. வீட்டுல புருசன் பொண்டாட்டி பேசறது எல்லாமே வேலைப் பேச்சு. மும்முனைக் கரண்டு எத்தனை மணிக்கு வருது, நாளைக்கு எத்தனை ஆளு வருது, தீவனம் தீந்து போச்சு, சொசைட்டி கடனுக்கு வட்டி கட்டணும். முப்பது வருசம் ஒண்ணா இருந்தும் இதைத் தாண்டாத குடும்பம் நிறைய இருக்கு. ஆகாம இல்லை. நேரம் இல்லை. அதே ரெண்டு பேரை ரெண்டு மணி நேரம் பஸ் சீட்டுல உக்கார வெச்சுட்டா, செய்யறதுக்கு ஒரு வேலையும் இல்லாதப்ப, வேற பேச்சு வரும்.

கொடுமுடி போன வருசம் ரயில்ல பேசிட்டு வரும்போதுதான் வீட்டம்மா சொன்னாங்க, பத்தாவதுல கணக்குல அவங்கதான் பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க்குன்னு. டீச்சர் ட்ரெய்னிங் சேரணும்னு ஆசை இருந்துச்சாம். அவங்க அப்பாவுக்கு அந்த வருசம் வெள்ளாமை போச்சு, அத்தோட அந்தப் பேச்சும் போச்சு. கல்யாணமாகி பதினெட்டு வருசம் கழிச்சு வந்த தகவல் இது. வீடு திரும்பினதும் தோட்டத்துக் கணக்கு நோட்டை அவங்க கையில குடுத்தேன். மஞ்சள் ஏக்கராவுக்கு என்ன செலவாகுது, வேக வெச்சு மெருகு போட்டு மண்டிக்குக் கொண்டு போறது வரைக்கும் என்ன ஆகுதுன்னு இன்னைக்கு பைசா சுத்தமா எழுதி வெக்கறாங்க. கரும்பை விட்டுட்டு அந்த ஒண்ணரை ஏக்கராவுல தீவனச் சோளம் போடலாம்னு அவங்க கணக்குதான் சொல்லுச்சு. அந்த ரயில் டிக்கெட்டு எங்களுக்கு நட்டம் இல்லீங்க.

டூர் போனா குடும்பத்துல சண்டை வராதுன்னு சொல்ல வரலை. நாங்க பஸ்ஸுலயே சண்டை போட்டிருக்கோம். முக்கொம்புல எந்தப் பஸ் ஏறறதுன்னு ஆரம்பிச்சு 1998-ல எங்க அக்கா சொன்னது வரைக்கும் போச்சு. ஆனா அந்தச் சண்டையும் வீட்டுல போட முடியாத சண்டை. வீட்டுல மாமியாருக்குக் கேக்கும், பிள்ளைகளுக்குக் கேக்கும், அதனால முழுங்கி முழுங்கி வெச்சிருப்பாங்க. வெளியூருல ஒரு தடவை சத்தம் போட்டுச் சொல்லிட்டா பாரம் எறங்கிரும்.

தள்ளிப் போடறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க பக்கத்துத் தோட்டத்துல ஒரு பெரியவர். மூணு ஏக்கரா. பெரியம்மாவைக் காசிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ரொம்ப ஆசை அவருக்கு. பொண்ணு கல்யாணம் முடியட்டும்னாரு. முடிஞ்சுது. போர் போட்ட கடன் அடையட்டும்னாரு. அடைஞ்சுது. பேரன் நடக்கட்டும், வீட்டுக்கு ஓடு மாத்தட்டும்னு போய்கிட்டே இருந்துச்சு. ஒரு நாள் விடியக்காலைல கட்டுத்தரைல சாணி அள்ளும்போதே பெரியம்மா நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தவங்கதான். சாம்பல் கரைக்க பவானி கூடுதுறைக்குப் போனோம். நானும் கூடப் போயிருந்தேன். மண்சட்டிய மடியில வெச்சுட்டு கார்ல உக்காந்திருந்தவர் பாதி வழியில சொன்னாரு: "இவளோட நான் கூடுதுறைக்கு வர்றது இதுதாண்டா மொதத் தடவை."

காசி ரெண்டாயிரம் கிலோமீட்டர் இருக்கும். கூடுதுறை எங்க ஊர்ல இருந்து பஸ்ல ஒண்ணேகால் மணி நேரம். காசிக்குச் சேத்து வெச்ச காசு அப்படியே பேங்க்ல இருந்துச்சு.

பெருசா ஒரு தடவை போகலாம்னு காத்திருக்கறது எங்க ஜனங்களோட வியாதிங்க. எல்லாக் கடமையும் முடிஞ்சு, அறுபது வயசுக்கு மேல, நாலு மாநிலம் சுத்தலாம்னு நினைக்கறாங்க. அப்ப முட்டி மடங்காது, சர்க்கரை மாத்திரை இல்லாம நடக்காது, பாத்ரூம் எங்க இருக்குன்னு பாத்துப் பாத்துத்தான் பஸ் ஏறணும். கால் நல்லா இருக்கும்போது பக்கத்துல போங்க. வருசா வருசம் போங்க. அறுபதுல காசிக்கும் போங்க, வேண்டாம்னு சொல்லலை.

"அதுக்குப் பதிலா ஒரு பவுன் எடுத்துக் குடுக்கலாமே"ன்னு ஒரு கேள்வி. விவசாயி வீட்டு நகை வருசத்துல எட்டு மாசம் பேங்க்லதான் இருக்கும். நடவுக்கு உள்ள போகும், அறுப்புக்கு வெளிய வரும். பட்டுச் சேலை பீரோவுல இருக்கும். பாத்துட்டு வந்ததை எந்த பேங்க்லயும் அடகு வெக்க முடியாது.

"காசு?" இந்த வருசம் கோத்தகிரி போனோம். கணக்கு சொல்றேன், எங்க வீட்டம்மா எழுதினது. பஸ் ரெண்டு பேருக்கும் போக வர 480 ரூபா. ரூம் ஒரு ராத்திரிக்கு 1,400. சாப்பாடு, டீ 850. டீத்தூள், வர்க்கி வாங்கினது 420. மொத்தம் 3,150. ரெண்டு மூட்டை மாட்டுத் தீவனக் காசு. சொந்த வண்டில நீலகிரி போனா இ-பாஸ் எடுக்கணும், பஸ்ல போறவங்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. இதுவும் முடியாதுன்னா கொடிவேரி மாதிரி ஒரு நாள் போயிட்டு வாங்க. 2021-ல இருந்து சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது. இப்பெல்லாம் கோபி வரைக்கும் எங்க வீட்டம்மா மகாராணி மாதிரி ஏறி உக்காந்துக்குவாங்க, காசு எடுத்து டிக்கெட் வாங்கறவன் நான் மட்டும்தான்.

கோத்தகிரில கோடநாடு காட்சிமுனைன்னு ஒரு எடம் இருக்கு. அங்க நின்னு கீழ பாத்தா மாயாறு பள்ளத்தாக்கும் தெங்குமரஹடாவும் தெரியும், மேகம் விலகினா பவானிசாகர் தண்ணியும் தெரியும். ஆறு போய்ச் சேர்ற எடத்தைப் பாத்தாச்சு, அதனால இனி வர்ற எடத்தைப் பாப்போம்னு வீட்டம்மாதான் அந்த எடத்தைச் சொன்னாங்க. அரை மணி நேரம் பனி மூடிக்கிடந்துச்சு. பத்து நிமிசம் விலகுச்சு. அந்தப் பத்து நிமிசத்துல அவங்க எங்க தோட்டம் எந்தப் பக்கம்னு கையைக் காட்டிட்டாங்க.

இனி முக்கியமான கேள்வி. மாட்டை யாரு பாக்கறது?

டவுன்ல இருக்கறவங்களுக்கு இது சின்ன விசயமாத் தெரியும். எங்களுக்கு இதுதான் பெரிய பூட்டு. எங்ககிட்ட ரெண்டு கலப்பின மாடு. காலைல ஆறரைக்கும் சாயங்காலம் அஞ்சரைக்கும் பால் ஊத்தியாகணும். லீவு கிடையாது, பொங்கலுக்கும் கிடையாது. அதுக்கு மேல, மாடு கை பழகினது. புது ஆளு உக்காந்தா பாலை எக்கிக்கும், முழுசா விடாது. மடியில பால் மிச்சம் நின்னா மடிநோய் வந்துரும். வந்துட்டா அந்த ஈத்தே போச்சு. அதனாலதான் விவசாயி வீட்டுல ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயும் போகறதில்லை. ஒருத்தர் எழவுக்குப் போனா ஒருத்தர் கட்டுத்தரைல இருப்பாங்க.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மொய் மாதிரி மாத்துக்கு மாத்து. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க ரெண்டு நாள் நம்ம மாட்டைப் பாத்தா, அவங்க போகும்போது நாம பாக்கணும். ஆனா போற அன்னைக்குச் சொல்லக் கூடாது. ஒரு வாரம் முன்னாடியே தினமும் ஒரு நேரம் அவங்களை வந்து பீச்ச வெக்கணும். கை வாசம் பழகிரும். தண்ணி காட்டற நேரம், தட்டு போடற அளவு எதையும் மாத்தக் கூடாது. எங்க பக்கம் இப்ப நாலு குடும்பம் இப்படிப் போயிட்டு வர்றாங்க.

ரெண்டாவது வழி, படிச்சுட்டு வெளியூர் போன பிள்ளைங்க. இதை எழுத உக்காந்ததே உங்களுக்குச் சொல்லத்தானுங்க.

இதைப் படிக்கற பல பேருக்கு ஊர்ல அப்பா அம்மா இருப்பாங்க. அவங்க கல்யாண நாளைக்கு நீங்க என்ன பண்றீங்க? காலைல போன் பண்ணி வாழ்த்து சொல்றீங்க. ஆன்லைன்ல ஆர்டர் போட்டு வீட்டுக்குக் கேக்கு அனுப்பறீங்க. அது ரோடு தெரியாம ஊரெல்லாம் சுத்தி, கிரீம் உருகி வந்து சேருது. உங்கம்மா சாணி அள்ளின கையைக் கழுவிட்டு வந்து கத்தியப் புடிச்சு நிக்கறாங்க, நீங்க வீடியோ கால்ல கை தட்டறீங்க. அந்தப் பக்கம் போன் வெச்சதும் மறுபடி கட்டுத்தரை. இல்லாட்டி "எங்ககூட வந்து ஒரு மாசம் இருங்க"ன்னு கூப்பிடறீங்க. வந்தா என்ன நடக்குது? நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவீங்க, அம்மா சமையலு, அப்பா பேரனை ஸ்கூல் வேன் ஏத்தறாரு. அதுக்குப் பேரு ஓய்வு இல்லீங்க, இடமாத்தம்.

பணமும் அனுப்ப வேண்டாம். பணம் அனுப்பினா அது உரக்கடைக்குத்தான் போகும், எங்களைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா? நீங்க வாங்க. கல்யாண நாளுக்கு முந்தின நாள் ராத்திரி ஊருக்கு வாங்க. பஸ் டிக்கெட்டும் ரூமும் போட்டு அவங்க கையில குடுங்க. "மாட்டை நான் பாத்துக்கறேன், பாட்டியை நான் பாத்துக்கறேன், போயிட்டு வாங்க"ன்னு சொல்லுங்க. பால் பீச்சத் தெரியாதா? ஒரு ஆளை ஏற்பாடு பண்ணிட்டு பக்கத்துல நில்லுங்க, தீவனம் வையுங்க, சாணி அள்ளுங்க. எங்க பையன் பெங்களூருல கம்ப்யூட்டர் வேலைல இருக்கான். 2022-ல இருந்து ஜூன் மாசம் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்துர்றான். சின்னதுல பீச்சிப் பழகின கை, மாடு ஒண்ணும் சொல்றதில்லை. அந்த ரெண்டு நாள்ல அவனுக்கும் ஒண்ணு புரியுது, காலைல நாலரைக்கு எந்திரிக்கற வேலைல அவனோட ஃபீஸ் எங்க இருந்து வந்துச்சுன்னு.

அவங்களை அனுப்பறப்ப மூணு விசயம் கவனிங்க. எடத்தை அம்மா சொல்லட்டும். எங்க போகணும்னு அவங்களை யாருமே கேட்டிருக்க மாட்டாங்க, மொத வருசம் "எங்கயா இருந்தா என்ன"ம்பாங்க, விடாதீங்க, திரும்பக் கேளுங்க. சொந்தக்காரங்க வீட்டுல தங்க வெக்காதீங்க. அங்க போனா மறுபடி அடுப்படிதான். சனி ஞாயிறு வேண்டாம், நடுவாரத்துல அனுப்புங்க. கூட்டமும் கம்மி, ரூமும் சல்லிசு. எல்லாத்தையும் விட, போன எடத்துக்கு மணிக்கு ஒரு தடவை போன் போட்டு "அந்த டப்பா எங்க இருக்கு?"ன்னு கேக்காதீங்க. தேடிப் பாருங்க, கிடைக்கும்.

கொடிவேரிக்குப் போன வருசம் மத்தியானம் மீன் வாங்கி இலைல வெச்சுக் குடுத்தப்ப வீட்டம்மா சொன்னாங்க, கல்யாணமாகி இத்தனை வருசத்துல தான் ஆக்காத சோத்தை உக்காந்து சூடாச் சாப்பிடறது விருந்து வீட்டுக்கு அப்பறம் இப்பத்தான்னு. உங்கம்மாகிட்டயும் கேட்டுப் பாருங்க, அவங்க சூடாச் சாப்பிட்டது எப்பன்னு. பதில் வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும்.

அவங்க கல்யாணத் தேதி தெரியாதவங்க இன்னைக்கே போன் பண்ணிக் கேட்டு வெச்சுக்குங்க. மாசம் பாத்து லீவு எழுதிக் குடுங்க. எனக்கு இப்ப தண்ணி காட்டற நேரமாச்சு, வர்றேனுங்க.